டொங்காட்டில் பக்கத்து நிலத்து வண்டிப்பாதை: பாத்தியம் எப்படிப் பிறக்கிறது, எப்படி முடிகிறது

நீங்கள் கேட்டது இரண்டு விஷயம். தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே உள்ள டொங்காட்டில் உங்கள் தாத்தா வாங்கிய நிலம். பின்பக்க வீட்டுக்கு வண்டி போவதற்குப் பக்கத்து நிலத்தின் ஓரமாக ஒரு பாதை உண்டு. அந்த நிலத்தைப் புதிதாக வாங்கியவர் போன மாதம் கேட் போட்டுப் பூட்டிவிட்டார். "என் டைட்டில் டீடில் செர்விட்யூட் எதுவும் இல்லை, ஆகவே உங்களுக்கு உரிமையும் இல்லை" என்கிறார். (டைட்டில் டீட் என்பது நில உரிமைப் பத்திரம்; செர்விட்யூட் என்பது பிறர் நிலத்தில் நமக்குள்ள பாத்தியம்.) இரண்டாவது, உங்கள் சொந்த டைட்டில் டீடில் கரும்பு டிராம் போவதற்கென்று பழைய செர்விட்யூட் ஒன்று எழுதியிருக்கிறது. தண்டவாளம் போய் எத்தனையோ காலமாகிவிட்டது, ஆனால் எழுத்து மட்டும் நிற்கிறது. அதை எப்படி நீக்குவது?

சுருக்கமான பதில்: டீடில் எழுதாததால் மட்டும் உரிமை இல்லை என்று ஆகிவிடாது. டீடில் எழுதியிருப்பதால் மட்டும் உரிமை இன்னும் உயிரோடு இருக்கிறது என்றும் ஆகிவிடாது. இரண்டுக்கும் நடுவில் நிற்பது 30 ஆண்டுக் கணக்கு. அதைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன். டர்பனில் நிலப் பத்திர வேலை பார்க்கும் அலுவலகங்களில் நெடுங்காலம் இருந்தவன் என்பதால், சட்டத்தோடு சேர்த்து, காரியம் எங்கே சிக்கிக்கொள்ளும் என்பதையும் சொல்கிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. தமிழ்நாட்டு உறவினர்கள் யாராவது "20 வருஷம் நடந்தால் பாத்தியம் வந்துவிடும்" என்று சொல்லியிருக்கலாம். அது 1882-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம். இங்கே அது செல்லாது. தென்னாப்பிரிக்காவின் நிலச் சட்டம் ரோமன்-டச்சு வழி வந்தது. அதன்மேல் 1937-ஆம் ஆண்டின் பத்திரப் பதிவுச் சட்டமும் 1969-ஆம் ஆண்டின் காலாவதிச் சட்டமும் உட்கார்ந்திருக்கின்றன.

செர்விட்யூட் என்பது இன்னொருவர் நிலத்தின் மீது நமக்கு இருக்கும் ஒரு குறிப்பிட்ட உரிமை: அதன் வழியே போக, தண்ணீர் கொண்டுவர, குழாய் பதிக்க. இதில் இரண்டு வகை. ஒன்று நிலத்துக்கு நிலம் ஒட்டியது. உங்கள் நிலம் பயன்பெறும் நிலம், அவர் நிலம் சுமை தாங்கும் நிலம். இருவரில் யார் விற்றாலும் உரிமையும் சுமையும் நிலத்தோடு போகும். மற்றது ஒரு ஆளுக்கு அல்லது நிறுவனத்துக்குத் தரப்படுவது. அது அந்த ஆளோடு முடிந்துவிடும். உங்கள் பாதை முதல் வகை. டிராம் விவகாரம் எந்த வகை என்பதைப் பத்திரத்தைப் படித்துத்தான் சொல்ல முடியும். அது ஏன் முக்கியம் என்று பின்னால் வருகிறேன்.

இன்னொன்று: சுமை தாங்கும் நிலத்துக்காரர் விட்டுக்கொடுத்தால் போதும், அவராக எதையும் செய்துதர வேண்டியதில்லை. பாதையைச் செப்பனிடுவது உங்கள் வேலை, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால்.

சரி, உரிமை எப்படிப் பிறக்கிறது? சாதாரண வழி, இருவரும் பேசி ஒப்புக்கொண்டு பதிவு செய்வது. நோட்டரி முன்னிலையில் பத்திரம் எழுதி, பீட்டர்மாரிட்ஸ்பர்க் டீட்ஸ் ஆபீஸில் (பத்திரப் பதிவு அலுவலகத்தில்) இரண்டு நிலங்களின் டைட்டில் டீடிலும் குறிப்பு ஏற்ற வேண்டும். பாதை எங்கே போகிறது, எவ்வளவு அகலம் என்று திட்டமாகக் காட்ட வேண்டுமானால் சர்வேயர் வரைபடம் தயாரிப்பார், சர்வேயர் ஜெனரல் அலுவலகம் அதை அங்கீகரிக்கும். ஒரே நிலத்தைப் பிரித்து விற்கும்போது, விற்கிற பத்திரத்திலேயே "இந்தப் பாதை மீதி நிலத்துக்கு ஒதுக்கப்பட்டது" என்று எழுதிவிடலாம். தனி நோட்டரி பத்திரம் வேண்டாம். உயில் மூலமும் தரலாம், ஆனால் அதையும் கடைசியில் பதிவு செய்தாக வேண்டும்.

இங்கே மூன்று பேரின் சம்மதத்தை மறந்து பலர் மாட்டிக்கொள்கிறார்கள். நிலத்தின் மேல் வங்கிக் கடன் பாண்ட் (அடமானம்) இருந்தால் வங்கி எழுத்தில் சம்மதிக்க வேண்டும். சொத்து கூட்டாக இருக்கும் திருமணம் என்றால், 1984-ஆம் ஆண்டின் திருமணச் சொத்துச் சட்டப்படி கணவன் மட்டும் கையெழுத்துப் போட்டு நிலத்தில் செர்விட்யூட் ஏற்ற முடியாது, மனைவியின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். மனைவி போட்டாலும் அப்படியே. நிலம் அண்ணன் தம்பிகள் நால்வர் பெயரில் இருந்தால் நால்வருமே ஒப்ப வேண்டும். பாத்தியத்தைப் பங்கு போட முடியாது, மூவர் தந்து ஒருவர் மறுத்தால் எதுவுமே தரப்படவில்லை என்றுதான் அர்த்தம்.

பதிவாகாத ஒப்பந்தம் இருந்தால்? அது கையெழுத்துப் போட்ட இருவரை மட்டும் கட்டும், பின்னால் வாங்குபவரைக் கட்டாது. ஆனால் ஒரு முக்கியமான விலக்கு உண்டு. வாங்கியவருக்கு வாங்கும்போதே அந்த ஒப்பந்தம் தெரிந்திருந்தால் அவரும் கட்டுப்படுவார். 1968-இல் அப்பீல் கோர்ட் கிராண்ட் எதிர் ஸ்டோன்ஸ்ட்ரீட் வழக்கில் இதை உறுதி செய்தது. ஆகவே தாத்தா காலத்துக் காகிதங்களைத் தேடிப் பாருங்கள். பழைய கடிதம், ரசீதின் பின்பக்கம் எழுதிய உடன்படிக்கை, இரண்டு குடும்பத்தாரும் கையெழுத்திட்ட எதுவானாலும் சரி. அப்படி ஒன்று கிடைத்து, புதியவருக்கு அது தெரிந்துதான் வாங்கினார் என்று காட்ட முடிந்தால், 30 ஆண்டுக் கணக்கே தேவைப்படாமல் போகலாம்.

பக்கத்துக்காரர் கையில் இருக்கும் டீடை மட்டும் நம்பாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். டீட்ஸ் ஆபீஸில் அந்த நிலத்தின் பழைய பத்திரங்களைப் பின்னோக்கி ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்லுங்கள். செர்விட்யூட் நோட்டரி பத்திரங்களுக்கு 'கே' எழுத்தில் தொடங்கி 'எஸ்' எழுத்தில் முடியும் எண் இருக்கும். பழைய டைட்டில் டீடின் ஓரத்திலோ நிபந்தனைப் பகுதியிலோ அந்த எண் ஏறியிருக்கலாம். ஒருமுறை ஒழுங்காகப் பதிவான உரிமை, அடுத்த பத்திரம் எழுதியவர் அந்த வரியை விட்டுவிட்டதால் மட்டும் சாகாது. கேப் எக்ஸ்புளோசிவ் வொர்க்ஸ் எதிர் டெனெல் வழக்கில் நடந்தது இதுதான். நிபந்தனைகள் பிந்தைய பத்திரங்களில் தவறுதலாக விடுபட்டிருந்தன. 2001-இல் சுப்ரீம் அப்பீல் கோர்ட் அவை இன்னும் உயிரோடு இருக்கின்றன என்றது. "என் டீடில் இல்லை" என்ற வாதத்துக்கு இதைவிட நேரடியான பதில் இல்லை. ஆனால் பழைய டீடில் எங்காவது ஓரிடத்தில் அது இருக்க வேண்டும்.

எங்குமே இல்லை என்றால் 30 ஆண்டுக் கணக்குக்கு வருவோம். உங்கள் வழக்கின் உயிர்நாடி இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு சொல்வது: ஒருவர் ஒளிவுமறைவில்லாமல், உரிமை உள்ளவர் போல, இடைவிடாமல் 30 ஆண்டுகள் ஒரு செர்விட்யூட்டின் உரிமையை அனுபவித்திருந்தால் அது அவருக்குச் சொந்தமாகிவிடும். நிலத்துக்கு நிலம் ஒட்டிய உரிமை என்றால் தாத்தா காலம், அப்பா காலம், உங்கள் காலம் மூன்றையும் கூட்டிக்கொள்ளலாம். இடையில் பக்கத்து நிலம் எத்தனை கை மாறினாலும் கணக்கு அறுபடாது. 30 ஆண்டு நிறைந்த அன்றே உரிமை பிறந்துவிடுகிறது. அதற்குப் பின் நடக்கும் பதிவு, இருப்பதை ஏட்டில் ஏற்றும் வேலைதான். அதனால் போன வருடம் வாங்கியவருக்கு ஒன்றுமே தெரியாது என்றாலும் அது அவரைக் கட்டும்.

ஒளிவுமறைவில்லாமல் என்பதை நிரூபிப்பது எளிது. பகலில் எல்லாரும் பார்க்க வண்டி போனது போதும். வழக்குகள் தோற்பது "உரிமை உள்ளவர் போல" என்ற இடத்தில்.

ஏன் என்றால், அனுமதி கேட்டுப் போனவருக்கு எத்தனை ஆண்டானாலும் பாத்தியம் வராது. உங்கள் தாத்தா பக்கத்துத் தாத்தாவிடம் போய், "அண்ணே, உங்க நிலத்து ஓரமா வண்டி விட்டுக்கலாமா?" என்று கேட்டு, அவர் "அதுக்கென்ன தம்பி, விட்டுக்கோ" என்று சொல்லியிருந்தால், சட்டத்தின் கண்ணில் அது தயவு. எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறக்கூடிய தயவு. ஐம்பது ஆண்டு ஆனாலும் கணக்கு ஒன்றாம் நாளிலேயே நிற்கும். மாறாக, யாரையும் கேட்காமல் "இது நம்ம பாதை" என்று போய்வந்து, பக்கத்துக்காரர் பார்த்துக்கொண்டே சும்மா இருந்திருந்தால், அந்தச் சும்மா இருத்தலை அனுமதியாகக் கணக்கிட மாட்டார்கள். நல்ல மனிதர்களாகக் கேட்டு நடந்தவர்களுக்கு உரிமை இல்லை, கேட்காமல் நடந்தவர்களுக்கு உண்டு என்பது நெஞ்சுக்கு ஒப்பாத விஷயம்தான். ஆனால் இதற்கும் ஒரு நியாயம் உண்டு. அண்டை அயலுக்கு உதவி செய்தவர் அந்த உதவியாலேயே நிலத்தை இழக்கக்கூடாது. இல்லாவிட்டால் யாரும் யாருக்கும் வழிவிட மாட்டார்கள். இதை வைத்துத்தான் எல்லாரிடமும் சொல்கிறேன்: உறவு நன்றாக இருக்கும்போதே, பழைய பக்கத்துக்காரர் உயிரோடு இருக்கும்போதே, நோட்டரியிடம் போய் எழுதிவிடுங்கள். அவருடைய நல்ல மனசு அவர் நிலத்தை வாங்குபவருக்குப் போய்ச் சேராது.

நம்மவர்களுக்கு இதில் தனியான சிக்கல்கள் உண்டு. டர்பன் இருக்கும் நேட்டாலின் கடலோரத்தில் நம் முன்னோர் பலர் நிலத்தைச் சொந்தமாக்குவதற்கு முன் குத்தகைக்குத்தான் பயிரிட்டார்கள். கரும்புத் தோட்டத்துக்காரரிடமோ பக்கத்து நிலக்காரரிடமோ குத்தகை இருந்த காலத்தில் அவர் நிலத்தின் வழியே போனது குத்தகைதாரராகப் போனது. அது இந்த 30-இல் சேராது. உங்கள் தாத்தா எந்த ஆண்டில் நிலத்தைத் தன் பெயருக்கு மாற்றினார் என்று பாருங்கள். அதற்கு முந்திய ஆண்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் 30 வருகிறதா என்பதே பாதுகாப்பான கேள்வி.

டர்பனின் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பகுதி வாசகர்களுக்கும் இது பொருந்தும். அங்கே வீடுகளைக் கட்டியது மாநகராட்சி. வாடகையாகவோ தவணையாகவோ இருந்து, பிறகுதான் பத்திரம் குடும்பத்தின் பெயருக்கு வந்தது. இரண்டு மனைகளும் ஒரே உரிமையாளரான மாநகராட்சியின் பெயரில் இருந்தவரை ஒரு மனைக்கு எதிராக மற்ற மனை உரிமை சேர்க்க வழியில்லை, ஏனென்றால் தன் நிலத்தின் மேல் தனக்கே செர்விட்யூட் இருக்க முடியாது. கடிகாரம் ஓடத் தொடங்குவது தனித்தனியாகப் பத்திரம் மாறிய பிறகு. டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து, இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தின் கீழ் வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் அங்கே நடந்த ஆண்டுகளைப் புதிய இடத்துக்கு எடுத்துவரவும் முடியாது. உரிமை ஒரு குறிப்பிட்ட நிலத்தோடு ஒட்டியது.

எதைப் பயன்படுத்தினோமோ அதுதான் கிடைக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். 30 ஆண்டு நடந்து மட்டும் போயிருந்தால் நடைபாதை உரிமைதான். லாரி ஓட்ட முடியாது. கார் போயிருந்தால் கார் போகும் அகலம். இப்போது பின்பக்கம் ஆறு ஃபிளாட் கட்டி வாடகைக்கு விட்டு, முப்பது வண்டி அந்தப் பாதையில் போகப்போகிறது என்றால், சுமை கூடிவிட்டது என்று அவர் எதிர்க்கலாம், எதிர்ப்பதில் நியாயமும் இருக்கும்.

30 ஆண்டு நிறையும் நேரத்தில் பக்கத்து நிலம் ஒரு மைனரின் பெயரில் இருந்திருந்தாலோ, உரிமையாளர் மனநலம் குன்றியவராக இருந்திருந்தாலோ, அந்தத் தடை நீங்கி 3 ஆண்டு போகும்வரை கணக்கு நிறைவு பெறாது. தாத்தா இறந்து பேரன் சின்ன வயதில் நிலத்தைப் பெற்றிருந்த குடும்பங்களில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இடையில் பழைய உரிமையாளர் கோர்ட்டில் வழக்குப் போட்டு நோட்டீஸ் சார்வு செய்திருந்தாலும் கணக்கு அறுபட்டிருக்கும்.

நிரூபிக்கும் பொறுப்பு முழுக்க உங்களுடையது. வெறும் வாய்ப்பேச்சு போதாது, ஆனால் சாட்சி சேர்ப்பது நீங்கள் நினைப்பதைவிட எளிது. கேப் டவுன் மௌப்ரேயில் உள்ள தேசிய நிலவரைபட அலுவலகத்தில் 1930-கள் தொடங்கி எடுத்த வான்படங்கள் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். ஒரு வண்டிப்பாதை வானிலிருந்து வெள்ளைக் கோடாகத் தெரியும். ஆண்டு வாரியாக நான்கைந்து படங்களில் அதே கோடு அதே இடத்தில் இருந்தால், அதைப் போல வலுவான சாட்சி வேறில்லை. இதனோடு தெருவில் இருக்கும் பெரியவர்களிடம் சத்தியப் பிரமாணம் எழுதி வாங்குங்கள், இப்போதே. எண்பது வயதுக்காரர் சொல்லக்கூடியதை அடுத்த ஆண்டு யாரும் சொல்ல முடியாமல் போகலாம். அவர்கள் என்ன நினைவு வைத்திருக்கிறார்களோ அதை மட்டும் எழுதச் சொல்லுங்கள். "அனுமதி கேட்டதில்லை" என்று நீங்கள் சொல்லிக்கொடுத்து எழுதினால் குறுக்கு விசாரணையில் உடைந்துவிடும், உங்கள் மேல் உள்ள நம்பிக்கையும் போய்விடும்.

30 ஆண்டுக் கணக்கும் தேறாவிட்டால் மிஞ்சுவது தேவையின் பாதை. உங்கள் நிலத்துக்குப் பொதுச் சாலைக்குப் போக வேறு வழியே இல்லை, அல்லது இருக்கும் வழி நியாயமாகப் பயன்படுத்த முடியாதது என்றால் கோர்ட் ஒரு வழியைக் கொடுக்கலாம். வழிகாட்டும் தீர்ப்பு 1979-இல் வந்த வான் ரென்ஸ்பர்க் எதிர் கூட்ஸீ. அவசரத்துக்கும் எப்போதாவதும் போக இலவச வழி ஒரு வகை. நிரந்தரமாகப் போக ஈடு கொடுத்துப் பெறும் முழு வழி இன்னொரு வகை. பாதை பொதுச் சாலைக்கு மிக நெருங்கியதாகவும் அவருக்கு மிகக் குறைந்த சேதம் தருவதாகவும் இருக்க வேண்டும். உங்களுக்குப் பின்பக்கம் வீடு மட்டும் இருந்து, முன்பக்கம் உங்கள் நிலம் சாலையைத் தொட்டுக்கொண்டிருந்தால் இந்த வழியில் நம்பிக்கை வைக்காதீர்கள். முன் வீட்டை இடிக்காமல் கார் போக முடியாது என்பது போன்ற வசதிக் குறைவுகளைக் கோர்ட் எளிதில் ஏற்காது. தானே தன் வழியை அடைத்துக்கொண்டவருக்கும் உதவாது. பெரிய நிலத்தைத் துண்டு போட்டதால் ஒரு துண்டு உள்ளே அடைபட்டால், முதலில் அந்தப் பழைய பெரிய நிலத்தின் மற்றத் துண்டுகள் வழியேதான் பாதை தேட வேண்டும், அந்நியர் நிலத்தில் அல்ல.

இதெல்லாம் தீர்ப்பு வர மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் ஆகும். அதுவரை காரை எங்கே நிறுத்துவது? கேட் பூட்டியது போன மாதம் என்றீர்கள், அதனால் ஒரு விரைவான வழி உங்களுக்கு இன்னும் திறந்திருக்கிறது. யாரும் சட்டத்தைத் தன் கையில் எடுக்கக்கூடாது என்பது இந்நாட்டுச் சட்டத்தின் அடிப்படை. அமைதியாக அனுபவித்துவந்ததை ஒருவர் கோர்ட் உத்தரவின்றித் தடுத்தால், முதலில் பழைய நிலைக்குத் திருப்பு, உரிமை யாருக்கு என்று பிறகு பேசலாம் என்று கோர்ட் சொல்லும். மண்டமென்ட் வான் ஸ்போலி என்று இதற்குப் பெயர். தண்ணீர் உரிமை சம்பந்தமான பான் கெல் எதிர் ஓடாவி நகராட்சி வழக்கில், 1989-இல், செர்விட்யூட் அனுபவத்துக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு என்று அப்பீல் கோர்ட் சொன்னது. ஒன்று மட்டும்: தயவில் போனேன், ஒப்பந்த வாக்குறுதியில் போனேன் என்று மட்டும் சொன்னால் இந்த வழி கிடைக்காது, செர்விட்யூட் உரிமை என்று சொல்லி அனுபவித்ததைக் காட்ட வேண்டும். தாமதிக்காதீர்கள். ஓர் ஆண்டு தாண்டிவிட்டால் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள். இதற்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டே போதும். பாதை உரிமையை முடிவு செய்யும் வழக்கையும் மாஜிஸ்திரேட் கோர்ட் கேட்கலாம். ஹைகோர்ட் செலவை நினைத்துப் பயந்து பல குடும்பங்கள் விட்டுவிடுகின்றன, அதனால் சொல்கிறேன்.

கேட்டை நீங்களாக உடைக்க வேண்டாம். உடைத்த நாளிலிருந்து குற்றவாளி நீங்கள்தான். கேட் இருப்பதே தவறு என்றும் வாதாடாதீர்கள். திருட்டுப் பயம் உள்ள இந்தக் காலத்தில், பாதையின் மேல் கேட் போட்டு உங்களுக்கும் ஒரு சாவியோ ரிமோட்டோ கொடுத்தால் பொதுவாக அது ஏற்கப்படும். பூட்டி, சாவி தர மறுப்பதுதான் தடை.

பாதையை இடம் மாற்றலாமா என்று அவர் கேட்கவும் வாய்ப்புண்டு. லின்வெஸ்ட்மென்ட் எதிர் ஹேமர்ஸ்லி வழக்கில், 2008-இல், சுப்ரீம் அப்பீல் கோர்ட் பழைய நிலையை மாற்றியது. திட்டமாகப் பதிவான பாதையாக இருந்தாலும், அதனால் நிலத்துக்காரருக்குப் பெரிய இடைஞ்சல் இருந்து, மாற்றுப் பாதை உங்களுக்கு எந்தக் குறையும் தராமல், செலவையும் அவரே ஏற்றால், உங்கள் சம்மதம் இல்லாமலும் மாற்ற வைக்கலாம். அவர் வேலியை ஒட்டி இரண்டு மீட்டர் தள்ளிப் போகச் சொன்னால் முறைத்துக்கொள்ள வேண்டாம். அதையே பதிவு செய்ய ஒரு வாய்ப்பாக்கிக்கொள்ளுங்கள்.

இனி டிராம் செர்விட்யூட். உரிமை முடியும் வழிகளில் உங்களுக்குப் பொருந்துவது அதே 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு: 30 ஆண்டு இடைவிடாமல் பயன்படுத்தாவிட்டால் செர்விட்யூட் அழிந்துவிடும். பதிவான உரிமைக்கும் இது பொருந்தும். தண்டவாளம் பிடுங்கி 30 ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது, அந்த வழியில் கரும்பு வண்டியோ டிராக்டரோ அதற்காகப் போகவில்லை என்று காட்ட முடிந்தால் உரிமை செத்துவிட்டது. இங்கேயும் அதே வான்படங்கள் உதவும். கவனிக்க வேண்டியது பத்திரத்தின் சொற்கள். 'டிராம் பாதை' என்று மட்டும் இருந்தால் ஒரு கணக்கு. 'டிராம் மற்றும் எல்லாவித வண்டிகளும்' என்று இருந்து, தோட்ட டிராக்டர்கள் சென்ற வருடம் வரை போய்க்கொண்டிருந்தால் கணக்கே மாறிவிடும். ஒன்றைச் செய்யக்கூடாது என்று தடுக்கும் செர்விட்யூட்டுகள், உதாரணமாக வெளிச்சத்தை மறைத்து உயரமாகக் கட்டக்கூடாது என்பது, வேறு விதம். அதற்கு எதிராக ஏதாவது செய்யும்வரை அது அனுபவிக்கப்படுவதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

உரிமை செத்துவிட்டாலும் எழுத்து தானாகப் போகாது. பதிவாளர் உங்கள் வாய்மொழியை நம்பி ஒரு வரியை அடிக்க மாட்டார். ஒன்று, உரிமைக்காரரோடு சேர்ந்து நோட்டரி ரத்துப் பத்திரம் எழுத வேண்டும். அல்லது கோர்ட் உத்தரவு வேண்டும். இங்கேதான் முன்பு சொன்ன இரு வகை முக்கியமாகிறது. உரிமை ஒரு கம்பெனிக்குத் தரப்பட்டிருந்தால், அந்தக் கம்பெனியோ அதன் வாரிசு நிறுவனமோ கையெழுத்திட்டால் முடிந்தது. தங்களுக்குப் பயனில்லாத உரிமையை விட்டுத்தர பெரும்பாலும் தயங்க மாட்டார்கள், செலவை நீங்கள் ஏற்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் உரிமை ஒரு தோட்ட நிலத்துக்குத் தரப்பட்டிருந்து, அந்தத் தோட்டம் பிறகு நூற்றுக்கணக்கான மனைகளாகப் பிரிந்திருந்தால், ஒவ்வொரு மனைக்காரரும் பயன்பெறும் நிலத்துக்காரர்தான். அத்தனை கையெழுத்து வாங்குவது நடவாத காரியம். அப்போது 7-ஆம் பிரிவைக் காட்டி நேராகக் கோர்ட்டுக்குப் போவதே மலிவு. பத்திரம் கையில் வந்ததும் அட்டர்னியிடம் (வழக்கறிஞரிடம்) கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. ரத்து ஆகும்வரை அந்தப் பட்டையின் மேல் மதில் எழுப்ப வேண்டாம். கட்டட வரைபட அனுமதியும் கிடைக்காது.

டிராம் பட்டையும் சாக்கடைப் பட்டையும் ஒன்றல்ல என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லை ஓரத்தில் மாநகராட்சிக் கழிவுநீர்க் குழாய்க்கோ மழைநீருக்கோ, மேலே மின்கம்பிக்கோ தனி செர்விட்யூட் இருக்கலாம். அது கண்ணுக்குத் தெரியாமல் தினமும் பயன்பட்டுக்கொண்டேதான் இருக்கிறது.

முடியும் வழிகளில் இன்னொன்று நம் குடும்பங்களில் அடிக்கடி நடக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. இரண்டு நிலமும் ஒருவர் கைக்கு வந்தால் செர்விட்யூட் கரைந்துவிடும். ஒரு அப்பா தன் வீட்டுக்குப் பாதை தரும் பக்கத்து மனையையும் வாங்குகிறார். பிறகு பெரியவனுக்கு ஒன்று, சின்னவனுக்கு ஒன்று என்று எழுதிவைத்துவிட்டுப் போகிறார். பழைய பாத்தியம் திரும்பி உயிர்பெறாது. அண்ணன் தம்பி ஒற்றுமையாக இருக்கும்வரை தெரியாது. ஒருவர் விற்கும்போது, அல்லது மருமகள்கள் பேசாமல் போகும்போது, இதே கேட் விவகாரம் வந்து நிற்கும். சொத்துப் பிரிக்கும் பத்திரத்திலேயே பாதையைப் புதிதாக எழுதிவிட வேண்டும். உயிலில் இரண்டு வரி போதும்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காலம் குறித்துத் தந்தது அந்தக் காலத்தில் முடியும். இருவரும் ஒப்பி ரத்து செய்யலாம். உரிமைக்காரர் கைவிட்டுவிட்டார் என்று அவர் செயலிலிருந்தே ஊகிக்கவும் முடியும், ஆனால் சும்மா பயன்படுத்தாமல் இருந்ததை வைத்து 30 ஆண்டுக்கு முன்பே அப்படிச் சொல்லிவிட முடியாது. உங்கள் பக்கம் இது ஒரு எச்சரிக்கையும்கூட: கேட்டுக்குப் பயந்து நீங்களே தாழ்வாரம் கட்டி அந்தப் பாதை வாயை அடைத்துவிட்டால், கைவிட்டதாகச் சொல்ல அவருக்கு ஒரு கைப்பிடி கிடைக்கும். சுமை தாங்கும் நிலத்தில் செர்விட்யூட்டுக்கு முன்பே பதிவான பாண்ட் இருந்து, அந்த வங்கி சம்மதிக்காமல், நிலம் ஏலத்துக்கு வந்தால், உரிமை இல்லாமலேயே நிலம் விற்றுப்போகவும் கூடும். வங்கிச் சம்மதத்தை நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

ஆளுக்குத் தரும் உரிமையில் நம் வீடுகளில் அதிகம் காண்பது, வீட்டை மகனுக்கு எழுதி, அம்மா உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கட்டும் என்பது. அது பதிவாக வேண்டும். அம்மாவின் மறைவோடு முடியும். அவர் அதை வேறொருவருக்கு மாற்ற முடியாது. அம்மாவின் உரிமை பதிவாகியிருந்தால் மகன் வீட்டை விற்றாலும் வாங்கியவர் அவரை வெளியே அனுப்ப முடியாது. பதிவாகாமல் விட்ட குடும்பங்களில் வயதான தாய்மார்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். உயில் நிறைவேற்றும் அட்டர்னியிடம் "இது பத்திரத்தில் ஏறிவிட்டதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

உங்கள் காரியத்துக்கு வருகிறேன். இந்த வாரமே பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இரண்டு நிலங்களுக்கும் பழைய பத்திரங்களை முழுக்க எடுக்கச் சொல்லுங்கள், டிராம் செர்விட்யூட்டின் மூலப் பத்திரத்தோடு சேர்த்து. வான்படங்களுக்கு எழுதிப் போடுங்கள். பெரியவர்களின் சத்தியப் பிரமாணங்களை வாங்குங்கள். சாதாரண அட்டர்னியைவிட, கன்வேயன்சராகவும் (நிலத்தைப் பெயர் மாற்றும் பத்திரம் எழுதுபவர்) நோட்டரியாகவும் தகுதி பெற்ற அட்டர்னியைப் பிடித்தால் ஒரே ஆளிடம் வேலை முடியும். அவர் மூலம் பக்கத்துக்காரருக்கு முதலில் ஒரு கடிதம்: கேட்டுக்குச் சாவி தரவும், தராவிட்டால் இத்தனை நாளில் பழைய நிலையைத் திருப்பக் கோரி மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போவோம் என்று. அதே கடிதத்தில் இன்னொன்றையும் வைக்கலாம். பாதை எங்கே, எவ்வளவு அகலம், என்னென்ன வண்டி, செப்பனிடுவது யார் என்று வரைபடத்தோடு பதிவு செய்துகொள்ளலாம், சர்வே, நோட்டரி, பதிவுச் செலவு உங்களுடையது என்று. அவர் நேற்று வந்தவர்; தன் நிலத்தின் ஓரத்தில் எவ்வளவு போகும் என்று தெரியாத பயம்தான் பெரும்பாலும் கேட்டைப் பூட்ட வைக்கிறது. மூன்று மீட்டர், அதற்கு மேல் இல்லை என்று எழுத்தில் கண்டதும் கையெழுத்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். போடாவிட்டால், கையில் சேர்த்த சாட்சிகளோடு வழக்குப் போடுங்கள்.